குச்சுக்குள் இருந்தவள்

அத்தியாயம் பதினொன்று

ஜெயிலுக்குப் போகிறவன் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று அன்றைக்குக் காலையில்தான் எனக்கு யோசனை வந்தது.

பெண்டாட்டி இருந்தால் பூட்டவே வேண்டியதில்லை. அழகி செத்துச் சில வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. பக்கத்து வீட்டுத் திருப்பதியிடம் பசுமாட்டைக் கொடுத்திருந்தேன். மாட்டைக் கொடுத்தவனிடமே சாவியையும் கொடுப்பதா? மாடு காணாமல் போனால் ஊருக்குத் தெரியும். குதிரில் நெல் குறைந்தால் எவனுக்குத் தெரியும்? சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். ஜெயிலில் பிடுங்கினால் பிடுங்கட்டும். சர்க்கார் பிடுங்கினால் ரசீதாவது கொடுப்பான்.

"கேசு கெலிச்சா சாயந்தரம் வந்து மாட்டை அவுத்துக்கிறேன்" என்றேன் திருப்பதியிடம்.

"தோத்தா?"

"பாலைக் கறந்து நீயே குடி."

"நமக்குப் பாலு ஒத்துக்காது மாமா" என்றான். ஒத்துக்கொள்ளும் அவனுக்கு. நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும்கூட அவன் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

நார்த்தாமலை விலக்கில் திருச்சி பஸ் ஏறினேன். பக்கத்தில் கீரனூர் போகிற ஆள் ஒருவர் மடி நிறையப் பையோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேச்சுக் கொடுத்தார்.

"எங்கிட்டுப் பயணம் பெரியவரே?"

"திருச்சி கோர்ட்டுக்கு."

"சாட்சி சொல்லவா?"

"இல்லை. போலீஸ்காரனைத் தள்ளிவிட்ட கேசு. புதுக்கோட்டையில மூணு மாசம் போட்டுட்டாங்க. இன்னிக்கு அப்பீல்."

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கீரனூர் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வெளியே பார்க்க ஒன்றும் கிடையாது, பொட்டலும் பாறையும்தான்.

அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்று வெட்டிவந்து வீட்டுக்கு ஓரமாகக் குச்சு கட்ட வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் பிள்ளை அந்தக் குச்சுக்குள்தான் இருப்பாள். ஆம்பிளை முகத்தில் முழிக்கக் கூடாது. பெற்ற தகப்பன்கூட எட்டிப் பார்க்க மாட்டான். தண்ணீர் ஊற்றின பிறகு குச்சைப் பிரித்துக் கொளுத்த வேண்டியதும் மாமன்தான். வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

என் தங்கச்சி முத்துமாரியம்மாளை ஆலங்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். புருஷன் சோலையப்பன். ஒரே மகள் செவந்தி. போன வருஷம் அவளுக்குக் குச்சு கட்டப் போன இடத்தில்தான் என் சனி பிடித்தது. மதுவிலக்குப் போலீஸ் வந்தது. சோலையப்பன் அந்த நேரம் வீட்டில் இல்லை. சாராயம் இருப்பதாகத் துப்பாம். வீட்டைக் கலைத்துப் பார்த்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்தது குச்சு என்றார் ஏட்டு. வாசலில் போய் நின்றேன்.

"உள்ள சமைஞ்ச புள்ளை ஒக்காந்திருக்கு. பொம்பளைங்க வந்து வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகட்டும். அப்புறம் குச்சைப் பிரிச்சே பாருங்க" என்றேன்.

ஏட்டுக்குப் பொறுமை இல்லை. கம்பைக் கீற்றுக்குள் விட்டுக் குத்தினார். கம்பைப் பிடித்து இழுத்தேன். விழுந்தார். தொப்பி தொழுவம் வரைக்கும் உருண்டது. அதற்கு மேல் நடந்ததை என் முதுகைத்தான் கேட்க வேண்டும். குச்சை அப்படியே விட்டுவிட்டு என்னை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள்.

கோர்ட்டில் ஏட்டு என்ன சொன்னார்? ஒரு குடிசையைச் சோதிக்கப் போனோம், இவன் தடுத்தான், தாக்கினான். குடிசைக்குள் பெண்பிள்ளை இருந்ததை அவர் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் கேவலம்.

நானும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? என்றைக்கு உட்கார்ந்தாள், என்றைக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கோட்டுப் போட்டவர்கள் கேட்பார்கள். குமாஸ்தா அதை எழுதுவான். பின்னால் நிற்கிற போலீஸ்காரன் சிரிப்பான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். "வைக்கோல் போட்டு வச்சிருந்த குடிசை சாமி" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் ஏட்டும் நானும் ஒத்துப் போனோம்.

"வைக்கோலுக்காகவா போலீஸ்காரர் மேல் கை வைத்தாய்?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட். நியாயமான கேள்விதான். உள்ளே சாராயம்தான் இருந்திருக்கும் என்று எழுதி மூன்று மாதக் கடுங்காவல் போட்டார்.

நான் லாக்கப்பில் இருந்த அன்றைக்குச் சாயந்தரமே, தண்ணீர் ஊற்றுகிறதற்கு முன்னாலேயே, சோலையப்பன் தன் கையால் குச்சைப் பிரித்துக் கொளுத்திவிட்டான். ஜாமீனில் வந்து பார்த்தேன், சாம்பல்தான் கிடந்தது. மாமன் கட்டினதை மாமன் உயிரோடு இருக்கும்போதே கொளுத்துகிறவன் வீட்டில் எனக்கு என்ன வேலை? அப்படியே திரும்பி நடந்தவன்தான். தங்கச்சி இரண்டு தரம் ஆள் விட்டாள். நான் போகவில்லை. சீருக்கு எடுத்த பட்டுப் பாவாடை பெட்டியிலேயே கிடக்கிறது.

கன்டோன்மென்டில் இறங்கிக் கோர்ட்டுக்கு நடந்தேன்.

வக்கீல் ஆத்மநாதன் வராந்தாவில் நின்றிருந்தார். அப்பீலுக்காக நான் பிடித்த ஆள். மனுஷன் நல்லவரா கெட்டவரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் போன தரம் பார்த்தபோது என் வாயிலிருந்து குச்சு விஷயத்தைப் பிடுங்கினவர் அவர்தான். தங்கச்சிக்கு ஆள் விட்டு, சாட்சி சொல்ல வருகிறேன் என்று அவளிடம் வாக்கு வாங்கினவரும் அவர்தான்.

"தங்கச்சி எங்கே?" என்றார். எனக்கு ஒரு கும்பிடுகூட இல்லை.

"வரும்."

"வந்தாகணும் பெரியவரே. மேல்கோர்ட்டுல புதுச் சாட்சி எடுக்கிறது லேசு இல்லை. ஜட்ஜ் ஐயா இன்னிக்கு ஒரு நாள், ஒரு சாட்சி கேக்கிறேன்னு ஒத்துக்கிட்டிருக்கார். அவங்க வரலேன்னா உங்க வைக்கோலைத் தலையில வச்சுக்கிட்டுத்தான் நான் உள்ளே போகணும்."

"தங்கச்சி என்ன சொல்லணும்?"

"நடந்ததைச் சொல்லட்டும். உள்ளே பொண்ணு இருந்தது, நீங்க பொம்பளைங்களைக் கூப்பிடச் சொன்னீங்க, ஏட்டு கேக்காமக் கம்பை விட்டார். பொம்பளைப் புள்ளை இருக்கிற இடத்துல அப்படிச் சோதனை போட அவருக்கு அதிகாரம் இல்லைன்னு அப்புறம் நான் பேசிக்கிறேன்."

"அதுக்கப்புறம்?"

"சர்க்கார் வக்கீல் குறுக்குக் கேள்வி கேப்பார். அதுக்கும் பதில் சொல்லணும்."

வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஏதோ கொலைக் கேசு. ஒரு ஊரே வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. விலங்கு போட்ட ஆளுக்கு அவன் பெண்டாட்டி சோற்றை உருட்டி வாயில் ஊட்டினாள். போலீஸ்காரர் பார்த்தும் பார்க்காதது மாதிரித் திரும்பி நின்றுகொண்டார். அண்ணன் தம்பி, அத்தை, மாமன் என்று சுற்றி நின்று, "பச்சை மிளகாயைக் கடிச்சுக்கப்பா" என்று உபசாரம் வேறு. அரிவாளை எடுத்து வெட்டினவனுக்கு அவ்வளவு ஆள்.

நான் கட்டுச்சோறு கொண்டுவரவில்லை. ஒருத்தனுக்கு என்ன கட்டுச்சோறு?

வெயில் மரத்தை விட்டு நகர்ந்தது. நானும் நகர்ந்து உட்கார்ந்தேன். வர மாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். எந்தப் புருஷன் விடுவான்? அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டில் அவளைப் பார்த்தேன். ஒரு வருஷத்தில் மெலிந்திருந்தாள். பின்னால் தாவணி போட்ட பெண் ஒன்று வந்தது. யாரென்று எனக்குத் தெரியவில்லை. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, செவந்தி.

"சாப்பிட்டியாண்ணே?" என்றாள் முத்துமாரி.

"ஜெயிலுக்குப் போறவனுக்கு அங்கேயே போடுவாங்க."

"ஒரு வருசங்கழிச்சுப் பாக்குறேன். இப்படித்தான் பேசுவியா?"

"வேற எப்படிப் பேசத் தெரியும் எனக்கு? புள்ளையை எதுக்குக் கூட்டிட்டு வந்த? எதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேனோ அதைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வாரே."

"நான் எங்க கூட்டியாந்தேன்? ஆலங்குடியில பஸ் ஏறிப் பாக்குறேன், பின்னாடி சீட்டுல இவ ஒக்காந்திருக்கா. எறக்கிவிட முடியலை."

செவந்தி கொலைக் கேசுக்காரனுக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"வயலுக்குப் போயிருந்தாரு. இந்நேரம் தெரிஞ்சிருக்கும்." முந்தானையைப் பிடித்து முறுக்கினாள். "அண்ணே, அங்கிட்டு வா. ஒரு விசயம் சொல்லணும்."

மரத்துக்கு அந்தப் பக்கம் போனோம். வேப்பம்பட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"சொல்லு. கூப்பிட்டுருவான்."

"குச்சுக்குள்ள பானை இருந்துச்சுண்ணே."

"எந்தப் பானை?"

"அவரு வச்ச பானை. அன்னிக்கு விடியக்காலம் கொண்டாந்து, குச்சுக்குப் பின்னாடி கீத்தை வெலக்கி உள்ள தள்ளிட்டாரு. 'இங்க எவனும் வர மாட்டான்'னாரு. நான் வேணாம்னு காலைப் புடிச்சேன். கேக்கலை."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாசலில் நான் நிற்கிறேன், உள்ளே பிள்ளை, பிள்ளைக்குப் பின்னால் பானை.

"அன்னிக்குச் சாயந்தரமே குச்சைக் கொளுத்துனாரே, ஒனக்கு மரியாதை இல்லாமப் பண்ணிட்டார்னு கோவிச்சுக்கிட்டுப் போனியே. அதுக்காக இல்லைண்ணே. போலீஸ் திரும்பி வரும்னு பயந்து பானையோட சேத்துக் கொளுத்திட்டாரு."

ஒரு வருஷம் ராத்திரியும் பகலும் அந்தச் சாம்பலைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். மாமனுக்கு மரியாதை போச்சே என்று. மரியாதையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பானை.

"தெரிஞ்சா என்னைய வாசல்ல நிக்க விட்ட?"

"நீ போய் நின்னுட்டியே. ஏட்டு முன்னாடி நான் என்ன சொல்ல? 'தள்ளுண்ணே, உள்ள சாராயம் இருக்கு'ன்னா?"

அதுவும் சரிதான்.

"இப்ப எதுக்கு வந்து சொல்றே?"

"கூண்டுல ஏத்திச் சத்தியம் வாங்குவாங்களாம். உள்ள வேற என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்களாம், வக்கீலு அனுப்புன ஆளு சொன்னாரு. நார்த்தாமலை அம்மன் பேரை வச்சிருக்கேன் நான். சத்தியம் பண்ணிட்டு இல்லைன்னு சொல்ல வாய் வராது. இருந்துச்சுன்னா அவரை உள்ள தள்ளுவாங்க. புள்ளையைக் கேட்டு வந்திருக்கிற நல்லதம்பி வீட்டுக்காரவுக திரும்பிப் போயிருவாக. சொல்லலைன்னா ஒன்னைய உள்ள தள்ளுவாங்க." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீயே சொல்லு. நான் ஏறட்டுமா, போகட்டுமா?"

அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இப்படித்தான். எதையாவது உடைத்துவிட்டு என்னிடம் வந்து நிற்பாள்.

"போ" என்றேன். "புள்ளையைக் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போ."

"அண்ணே..."

"மூணு மாசம். எனக்கென்ன, வீட்டுல யாரு காத்துக்கிட்டு இருக்கா? அங்கயாவது பக்கத்துல நாலு பேரு படுத்திருப்பாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

வக்கீலிடம் போய், "சாட்சி இல்லை" என்றேன்.

"அதோ நிக்கிறாங்களே?"

"நிக்கிறது என் தங்கச்சி. சாட்சி இல்லை."

"என்ன பெரியவரே விளையாட்டு இது? மூணு மாசம் கேப்பைக் கூழா, போய்க் குடிச்சிட்டு வர? உங்க வயசுக்குக் கல்லு உடைக்க முடியுமா?"

"உடைக்கிறேன். உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? போன மாசம் இந்த வராந்தாவுல என் கையைப் புடிச்சுக்கிட்டு, ஜெயில்ல செத்தா யாரு என்னைத் தூக்கிப் போடுவான்னு கேட்டது நீங்களா, வேற ஆளா?"

கேட்டது நான்தான். வக்கீல்களிடம் இதுதான் சங்கடம், எதையும் மறக்க மாட்டார்கள்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"உள்ள இருந்தது நான்தானே மாமா."

செவந்தி. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"நீ போ ஆத்தா. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்."

"ஒரு வருசமாப் பெரியவங்கதான் பேசுறீங்க. குச்சுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட யாருமே கேக்கலை. போலீசும் கேக்கலை, ஆத்தாவும் கேக்கலை, நீங்களும் கேக்கலை."

"என்ன நடந்துச்சு?" என்றார் வக்கீல்.

"ஏட்டு விட்ட கம்பு என் முதுகுல குத்திச்சு. ரத்தம் வந்துச்சு. கத்துனா ஆம்பளைங்க உள்ள வந்துருவாங்கன்னு தாவணியை வாயில அடைச்சுக்கிட்டேன்."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஏட்டு கம்பை விட்டார் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தோம். கம்பு எங்கே போய் நின்றது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை?" என்றாள் முத்துமாரி.

"அன்னிக்கு நீ அழுதுக்கிட்டு இருந்த. மறுநாள் மாமாவைப் பத்திப் பேசக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. அப்புறம் காஞ்சிருச்சு."

வக்கீல் குனிந்து அவளிடம் மெதுவாகக் கேட்டார். "இதை ஜட்ஜ் ஐயா முன்னாடி சொல்லுவியாம்மா?"

"சொல்லுவேன்."

"பயமா இருக்காது?"

"கையில கம்பு வச்சிருப்பாரா?"

வக்கீல் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பானையைக் கேட்டா?" என்றாள் முத்துமாரி. சொன்ன பிறகுதான் பக்கத்தில் வக்கீல் இருக்கிறார் என்று உதட்டைக் கடித்தாள். அவர் தன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்" என்றார். அன்றைக்குத்தான் அந்த மனுஷன் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"கேட்டா அதையும் சொல்லுவேன்" என்றாள் செவந்தி. "போலீஸ் வந்தப்ப அதுல என்ன இருந்துச்சுன்னு ஒனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. நான்தானே கூட ஒக்காந்திருந்தேன்."

"என்னடி இருந்துச்சு?"

"அங்க போய்ச் சொல்றேன்."

எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. பிடிவாதம் எங்கள் வழிப் பிடிவாதம். வக்கீல் என்னைப் பார்த்தார்.

"கேசு உங்களுது. நீங்க சொன்னாத்தான் நான் கேப்பேன்."

வேண்டாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்தாள். வயதுக்கு வந்த பிறகு அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"பொம்பளைங்க வரட்டும்னு நீங்க சொன்னது உள்ள எனக்குக் கேட்டுச்சு மாமா. போலீசு உங்களை அடிச்சதும் கேட்டுச்சு. அப்பவும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நான் கேட்டதை நான் சொல்லக் கூடாதா?"

மூன்று மாதம் பெரிதில்லை என்று தங்கச்சியிடம் வீராப்புப் பேசினேனே, அது பொய். பயம் எனக்கு. அந்தப் பயத்துக்காக இந்தப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றுகிறேனா, அவள் கேட்கிறாள் என்பதற்காக விடுகிறேனா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"போ ஆத்தா" என்றேன்.

கேஸ் எடுத்தார்கள். உள்ளே எல்லாம் இங்கிலீஷ். வக்கீல் குமாஸ்தா ராமு என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பாதியை விழுங்குகிறான் என்று எனக்குச் சந்தேகம்.

சர்க்கார் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"என்ன சொல்றார்?"

"ஒரு வருசம் வைக்கோலா இருந்தது இப்ப பொண்ணாயிருச்சேங்கிறார்."

"ஜட்ஜ் ஐயா?"

"அந்த அதிசயத்தை நானும் கேக்கத்தான் வேணும்கிறார். இருங்க... சின்னப் பொண்ணாம், எல்லாரும் வெளியே போகணுமாம். நீங்களும்தான்."

"கேசு என்னுது."

"உங்க முகத்தைப் பாத்து அந்தப் பொண்ணு மாத்திச் சொல்லிரக் கூடாதாம். போங்க பெரியவரே."

எல்லோரையும் வெளியே தள்ளினார்கள். வராந்தாவில் நின்றேன். வாசலில் ஒரு போலீஸ்காரர் காவலுக்கு நின்றார். உள்ளேயிருந்து டவாலி போட்ட சேவகன் வந்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சாட்சி செவந்தி... செவந்தி... செவந்தி..."

மூன்று தரம். அவன் தொண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். கொலைக் கேசு ஊர்க்காரர்கள் மொத்தமும் திரும்பிப் பார்த்தார்கள். கடலை விற்கிறவள் எழுந்து நின்று பார்த்தாள். எந்தப் பேர் கோர்ட்டில் வரக் கூடாது என்று நான் அடி வாங்கினேனோ, பொய் சொன்னேனோ, அந்தப் பேர்.

"இந்தா வாரேன்" என்றாள் செவந்தி. யாரோ வீட்டில் தண்ணீர் எடுக்கக் கூப்பிட்டது மாதிரி. தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு படியேறிப் போனாள். கதவைச் சாத்தினார்கள்.

முத்துமாரி தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் போகவில்லை. பேச ஒரு வருஷத்துப் பேச்சு இருந்தது, எதை எடுப்பது?

கேட்டில் யாரோ ஓடி வந்தார்கள். சோலையப்பன். சட்டை மாற்றவில்லை, காலெல்லாம் வயல் சேறு காய்ந்திருந்தது.

"மச்சான், இப்ப யாரு பேரைக் கூப்பிட்டான்?"

"கேட்டுட்டுத்தானே ஓடி வாரே."

பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையைத் தூக்கவில்லை. நேரே கதவுக்குப் போனான்.

"உள்ள போகக் கூடாது" என்றார் போலீஸ்காரர்.

"எம் மகய்யா உள்ள இருக்கிறது. வழியை விடும்." அவர் நெஞ்சில் கையை வைத்தான்.

நான் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"கையை எடு மாப்பிள்ளை. இதுக்குத்தான் எனக்கு மூணு மாசம் போட்டிருக்காங்க."

போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சோலையப்பன் கையை எடுத்துவிட்டான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"எல்லாத்தையும் சொல்லிருவாளா மச்சான்?"

"எல்லாம்னா?"

காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டினான்.

"அன்னிக்கு எம் மருமகளுக்குக் காவல் நிக்கிறதா நெனச்சேன் மாப்பிள்ளை. உன் பானைக்குன்னு தெரியாது."

"புள்ளைக்குந்தானே மச்சான் நின்னீங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அப்படி ஒரு சமாதானம் சொல்ல அவனால்தான் முடியும்.

தூணுக்கு ஒரு ஆளாக இருந்தோம். உள்ளே சர்க்கார் வக்கீலின் குரல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பேசுகிறாள் என்று தெரிந்தது. என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை. இவ்வளவு நேரம் என்ன சொல்ல இருக்கிறது அந்தப் பிள்ளைக்கு? மறுபடி ஆம்பிளைக் குரல், மறுபடி ஒன்றுமில்லை. கொலைக் கேசு ஊர்க்காரர்கள் வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களுக்கு வாய்தா போலிருக்கிறது. அவர்கள் போன பிறகு அந்த இடமே வெறிச்சென்று ஆகிவிட்டது.

கதவு ஒரு ஆள் அளவுக்குத் திறந்தது. ராமு தலையை நீட்டினான். என்னைத்தான் கூப்பிடப் போகிறான் என்று துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன்.

"பொண்ணோட அப்பா வந்திருக்காரா? ஜட்ஜ் ஐயா கேக்குறார்."

முத்துமாரி எழுந்து நின்றாள். சோலையப்பன் மெதுவாக நகர்ந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். அவன் மூச்சு என் பிடரியில் பட்டது.

நான் தள்ளி நின்றுகொண்டேன்.